ரோசம்மா கோயிலுக்குப் போறா

உபதேசியார் வேலைன்னா செபம் சொல்றதும் மணி அடிக்கிறதும்தான்னு நெனச்சு, கையை வீசிக்கிட்டு மலாயாவுல மெர்சிங் ரோட்டு ரப்பர் தோட்டத்துக்கு வந்தவன் நான். மீசை அரும்புற பயலுக, அவங்களைப் பெத்தவங்க, படிப்பிக்கிற வாத்தியார், இவங்களுக்கு நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கிறதுதான் அந்த வேலைன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. வீட்டுல பதிமூணு வயசுப் பிள்ளையை வச்சிருக்கிறவங்க யாராவது இதைப் படிச்சா, கையைக் குடுங்க, நீங்க நம்ம ஆளு.

பெரட்டு

எங்க தகரக் கூரைக் கோயில் ஞாயித்துக்கிழமைதான் கோயில். மத்த நாள் மத்தியானத்துல அதுவே பள்ளிக்கூடம். வாத்தியார் அருளப்பன் ஒரு நாள் மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கிட்டு வந்தார். "உபதேசியாரே, பொம்பளப் பிள்ளைக வயசுக்கு வந்ததும் நிறுத்திடறாங்க. ரோசம்மா எவ்வளவு நல்லாப் படிக்குது! கடைசி வகுப்பை முடிச்சா சின்னப் பிள்ளைகளுக்கு அதுவே சொல்லிக்குடுக்கலாம். அதையும் நிறுத்திட்டா?" மனுஷன் அழாத குறை.

பெத்தவங்களையும் வாத்தியாரையும் ஒண்ணா உக்கார வச்சுப் பேசுவோம்னு மணியடிச்சேன். வந்தாங்க. விடியக்காலைப் பெரட்டுல கங்காணி பேர் கூப்பிடுறதுக்கு நிக்கிற மாதிரியே வாசல்ல வரிசையா நின்னுட்டாங்க. உள்ள வாங்கன்னு தொண்டை கிழியக் கத்துறேன், ஒருத்தரும் அசையல. ரோசம்மாவோட அப்பா சவரிமுத்து மட்டும் தலைத்துண்டை அவுத்துக் கக்கத்துல இடுக்கிக்கிட்டுச் சொன்னார்: "உக்கார்றது இருக்கட்டுங்க, யார் மேல குத்தம்னு மொதல்ல சொல்லிடுங்க."

பின்வரிசை

அடுத்த தடவை ஒருவழியா உக்காந்தாங்க. பாடம் நடக்கும்போது பெரிய பயலுக பின்வரிசையில இருந்துக்கிட்டு வாத்தியார் மாதிரியே பேசிக் காட்டுறானுங்க, பிரம்பை எடுத்தா சிரிக்கிறானுங்க. இதை வாத்தியார் சொன்னதும் அப்பன்மாருங்க, "கண்ணை விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க வாத்தியாரே"ன்னு தாராளமா அனுமதி குடுத்தாங்க.

சவரிமுத்து சம்சாரம் ஞானம்மாவுக்கு வேற யோசனை. மறுநாள் மத்தியானம் ரப்பர் மரத்துல பால் வெட்டிட்டு வந்த கையோட, பின்வரிசைக்குப் பின்னால போய் உக்காந்து கீரை ஆய ஆரம்பிச்சுட்டாங்க. அந்த வரிசையில இருந்தது அவங்க மவன், தங்கச்சி மவன், பக்கத்து வீட்டுப் பய. ஒருத்தன் மூச்சு விடல! வாத்தியார் கையெடுத்துக் கும்பிட்டார். அந்தம்மா கீரையை அள்ளிக்கிட்டு எழுந்தாங்க: "பயலுக அடிக்குப் பயப்பட மாட்டானுங்க வாத்தியாரே. சோத்தைப் போடும்போது நான் என்ன பேசுவேன்னுதான் பயப்படுவானுங்க."

பொம்பளைங்க பக்கம்

பயந்தது நடந்துடுச்சு. ரோசம்மா பெரிய மனுஷியாயிட்டா. தண்ணி ஊத்தி, சடங்கெல்லாம் முடிஞ்சும் பள்ளிக்கூடத்துக்கு வரல. வாத்தியாரும் நானும் தோட்டத்து ஆளுங்க குடியிருக்கிற வரிசை வீட்டுக்கு, லயத்துக்குப் போனோம். கதவுக்குப் பின்னால சிலேட்டை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நிக்குது பிள்ளை. "வயசுப் பிள்ளையைப் பயலுகளோட உக்கார வச்சா லயமே சிரிக்கும்"னார் சவரிமுத்து.

எனக்குக் கோபம் பொத்துக்கிட்டு வந்துது. "ஞாயித்துக்கிழமை பூசைக்கு வருவாளா மாட்டாளா?"

"கோயிலுக்கு வராம?"

"அங்க பயலுக இல்லியா?"

"அவனுங்க ஆம்பளைங்க பக்கம். இவ பொம்பளைங்க பக்கம், மாதா சுரூபத்துக்கு முன்னாலதானே உக்கார்றா!"

"மத்த நாள் மட்டும் மாதா எங்க எழுந்து போயிடறாங்க? அதே எடத்துல, அவ அம்மா பக்கத்துல உக்காரட்டுமேய்யா!"

அவர் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

மறுநாள் மத்தியானம் ரோசம்மா முக்காடு போட்டுக்கிட்டு ஞானம்மா பின்னால வந்தா. மாதா சுரூபத்துக்கு முன்னால உக்காந்தா, முக்காட்டுக்குள்ள இருந்து சிலேட்டை எடுத்தா. வாத்தியார் கண்ணைத் தொடச்சுக்கிட்டார், நானுந்தான். கொஞ்ச நாள்ல, படிப்பை நிறுத்தியிருந்த மத்த பிள்ளைகளுக்கும் திடீர்னு பக்தி வந்துடுச்சு. மவளைத் திரும்பப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறியாமேன்னு லயத்துல ஒருத்தர் சவரிமுத்துகிட்டயே கேட்டுட்டார். மனுஷன் துண்டை உதறித் தோள்ல போட்டார்: "யாரு சொன்னா? எம்மவ கோயிலுக்குப் போறா. போன எடத்துல வாத்தியார் வந்து பாடம் நடத்துனா, அதுக்கு நான் என்ன பண்ண?"

பெத்தவங்களுக்குப் புத்தி சொல்ல நான் உருப்போட்டு வச்சிருந்த பிரசங்கமெல்லாம் வீணாப் போச்சு. அவங்களுக்கு வேண்டியிருந்தது லயத்துல தலை நிமிந்து சொல்றதுக்கு ஒரு சாக்குதான்.