மூன்றாம் தொட்டி

கிளைனிக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த எல்ஃப்ரீடாவுக்குச் சிவப்பு ஒயின் தொண்டையில் இறங்காது. தனுண்டா ஊர் ரொட்டிக் கடைக்காரரின் மகள் அவள். மாவு வாசனையில் வளர்ந்தவள்.

"ஒயின்காரன் வீட்டுக்கு வந்துட்டு காப்பி கேக்குறா பாரு" என்று விருந்தாளிகள் முன்னால் கேலி செய்வான் கணவன் ஆல்வின்.

"நீங்க குடிக்கிற குடிக்கு வீட்ல ஒருத்தியாவது நிதானமா இருக்க வேணாமா?" என்பாள்.

மாமனார் பெர்தோல்ட் மீசைக்குள் சிரித்துக்கொள்வார். அவருடைய தாத்தா பரோசா பள்ளத்தாக்கு மண்ணில் நட்ட ஷிராஸ் திராட்சைக் கொடிகள் அப்போது நூறு வயதை நெருங்கிக்கொண்டிருந்தன. அந்தக் கொடிகளும் ஒற்றைப் பிள்ளையும்தான் அவருக்கு உலகம்.

அந்த வருஷம் அறுவடை முடிவதற்குள் மேகம் கட்டிவிட்டது. நனைந்தால் பழம் அழுகும் என்று எல்லோரும் ஒரே சமயத்தில் பறித்தார்கள். ஒயின் கூடத்தில் தொட்டி ஒன்றுகூடக் காலியில்லை. அன்று காலையில் மூன்றாம் தொட்டியின் ஒயினை வடித்துவிட்டார்கள். அடியில் தங்கிய தோல் சக்கையை ஆள் இறங்கித்தான் அள்ள வேண்டும். நொதித்த பழத்திலிருந்து கிளம்பும் நச்சுக் காற்று கண்ணுக்குத் தெரியாமல் குழிக்குள்ளேயே படுத்துக் கிடக்கும். அதனால் தொட்டியை நன்றாகக் காற்றாட விட்டு, மெழுகுவத்தியைக் கயிற்றில் இறக்கிப் பார்ப்பார்கள். அது அணைந்தால் யாரும் இறங்கக் கூடாது.

"பழ வண்டி வெளிய நிக்குதுடா. சட்டுனு அள்ளிப் போடு" என்று விரட்டினார் பெர்தோல்ட்.

"அள்ளத்தானே போறேன்? றெக்கை கட்டிக்கிட்டுப் பறக்காதீங்கப்பா" என்று ஏணியில் இறங்கினான் ஆல்வின். மெழுகுவத்தியை யாரும் ஏற்றவில்லை.

எல்ஃப்ரீடா காப்பியும் கேக்கும் எடுத்துக்கொண்டு வந்தபோது மாமனார் தொட்டி விளிம்பில் குனிந்து மகன் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தாள். சக்கைமேல் குப்புறக் கிடந்தான் ஆல்வின். பெர்தோல்ட் ஒரு காலை உள்ளே போட்டுவிட்டார்.

பக்கத்துப் பண்ணையில் இப்படித்தான் அண்ணன் விழுந்தான், அவனைத் தூக்க இறங்கிய தம்பியும் விழுந்தான். பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிந்த கதை அது. தட்டை எறிந்துவிட்டு அவர் இடுப்பு பெல்ட்டைப் பின்னாலிருந்து பற்றினாள்.

"விடுடி! எம் புள்ளடி!"

"மாமா, கீழ போய்க் கதவைத் திறங்க! இப்படி இறங்கினா நீங்களும் செத்துருவீங்க!"

கூடம் மலைச்சரிவில் கட்டியது. கீழ்த்தளத்தில் ஒவ்வொரு தொட்டிக்கும் ஓர் இரும்புக் கதவு உண்டு. அன்றைய அவசரத்தில் அதை யாரும் திறக்கவில்லை. திறந்தால் கெட்ட காற்று வெளியே ஓடும், ஆளையும் இழுத்துவிடலாம். ஆனால் பெர்தோல்ட் எதையும் காதில் வாங்கும் நிலையில் இல்லை. முழங்கையால் இடித்தார். அவள் உதடு கிழிந்தது. பிடியை விட்டுக் கீழே ஓடினால் இவர் குதித்துவிடுவார். விடாவிட்டால் கதவைத் திறக்க ஆளில்லை.

"லென்! லென்!" என்று அலறினாள். வெளியே வேலையாள் லென்னின் பக்கத்தில் பழம் நசுக்கும் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. கிழவரோடு சேர்ந்து தரையில் விழுந்தாள். அப்போதும் விடவில்லை. அவர் அவள் கையைக் கடித்தார். தொட்டிக்குள் ஒருவன் செத்துக்கொண்டிருக்க, அவனைப் பெற்றவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தாள் அவள்.

வண்டி காலியாகி மெஷின் நின்ற பிறகுதான் லென்னுக்குச் சத்தம் கேட்டது. ஓடி வந்தவன், "ஐயோ, என்னம்மா ஆச்சு?" என்றான்.

"மூணாவது தொட்டி! கீழ் கதவு!"

லென் திறந்தான். சரிந்து கொட்டிய சக்கையோடு ஆல்வினைக் காலைப் பிடித்து இழுத்தான். மாற்றி மாற்றி முதுகை அமுக்கிப் பார்த்தார்கள். மூச்சு வரவில்லை.

சவ அடக்கத்தன்று, சபையார் எல்லோரும் கேட்க, "நீ என்னை விட்டிருந்தா நான் அவனைத் தூக்கியிருப்பேன்" என்றார் பெர்தோல்ட். தையல் போட்ட உதட்டோடு அவள் சவப்பெட்டிமேல் மண் அள்ளிப் போட்டாள். புருஷனை விட்டுவிட்டு மாமனாரைப் பிடித்தவள் என்று பெண்கள் குசுகுசுத்தார்கள்.

அவளுடைய அப்பா வண்டி எடுத்துக்கொண்டு வந்தார். "வாம்மா, நம்ம வீட்டுக்குப் போயிடலாம். இந்த ஆளு உன்னை வார்த்தையாலயே கொன்னுடுவான்."

"அந்த மனுஷன் பொழுதன்னைக்கும் அந்தத் தொட்டிகிட்டதாம்ப்பா நிக்கிறாரு. நான் வந்துட்டா யாரு பிடிக்கிறது?"

வந்தவர் தனியாகத் திரும்பினார். எல்ஃப்ரீடா ஏணிகளையெல்லாம் கூடத்திலிருந்து அப்புறப்படுத்திப் பூட்டி வைத்தாள். வேலை வரும்போது மட்டும் தானே எடுத்துக் கொடுப்பாள். மூன்றாம் தொட்டியில் இறங்க லென்னும் மறுத்துவிட்டான். வத்தி நின்று எரிவதைப் பார்த்துவிட்டு அவளே இறங்கினாள். பாதி அள்ளியதும் வெளியே வந்து வாந்தி எடுத்துவிட்டு மறுபடியும் இறங்கினாள். அடுத்தடுத்த அறுவடைகளும் அப்படியே நடந்தன. அவள் சமைத்ததைப் பெர்தோல்ட் சாப்பிட்டார், அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

கடைசியாகப் படுக்கையில் விழுந்தபோதுதான் அவளைக் கிட்டே கூப்பிட்டார்.

"அன்னைக்கு நீ என்னைப் பிடிச்சிருந்தப்ப... அவன் உள்ளேருந்து என்னைக் கூப்பிட்டானா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். கிழவர் நிம்மதியாகக் கண்ணை மூடியிருப்பார். அவளால் முடியவில்லை. இத்தனை காலமும் அவளும் அதையேதான் தன்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மெஷின் ஓடிக்கிட்டிருந்துச்சு மாமா" என்றாள். "எனக்குத் தெரியல."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நழுவிய போர்வையை அவர் தோள்மேல் இழுத்துவிட்டு, அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.