மகளுக்கு நான் எழுதிக் கொடுத்த சாட்சி

காலை ஆறு மணி பத்து நிமிடம். போன வருடம், தைப்பூச விடுமுறை முடிந்த மறுவாரத்துச் செவ்வாய்க்கிழமை. என் மகள் ரூத் ஒரு காலில் மட்டும் காலுறை போட்டிருந்தாள். மற்றதைக் கையில் பிடித்தபடி நாற்காலியில் மடங்கி உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, வயிறு வலிக்குது."

பள்ளி வேன் ஆறரைக்கு வந்துவிடும். நான் மைலோ கலக்கிக் கொடுத்தேன். மற்றக் காலுறையை நானே மாட்டிவிட்டு அனுப்பிவைத்தேன். பத்து மணிக்கு ஆசிரியை அழைத்தார். வகுப்பிலேயே வாந்தி எடுத்துவிட்டாளாம். போய்க் கூட்டி வந்தேன். சாயங்காலம் அவள் சைக்கிளில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

பிரியமானவர்களே, இப்படித்தான் தொடங்கியது. வரும், போகும். வரும்போது பிள்ளை உருண்டு துடிப்பாள். போன பிறகு வந்த தடமே இருக்காது.

போர்டிக்சன் போகும் பாதையில் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் செம்பனைத் தோட்டம். என் கணவர் டேவிட் பழக்குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். நான் தோட்ட அலுவலகத்தில் கிளார்க். பழைய ஆட்கள் இன்னும் என்னைக் கிராணியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். திருமணமாகி ஒன்பதாவது வருடம் ஆண்டவர் எங்களுக்குக் கொடுத்த ஒரே பிள்ளை ரூத். அப்போது அவளுக்குப் பதினொரு வயது.

கிளினிக்கில் கேஸ்ட்ரிக் என்று மருந்து கொடுத்தார்கள். பிறகு பூச்சி மருந்து. பிறகு இரத்தம், சிறுநீர், ஸ்கேன். நாங்கள் போகிற நாளிலெல்லாம் அவளுக்கு வலி இருக்காது. ஸ்கேனிலும் ஒன்றும் தெரியவில்லை. "பள்ளியில் ஏதாவது பயமா?" என்று டாக்டர் நல்ல மனதோடுதான் கேட்டார். என் கணவர் அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டார்.

"நடிக்கிறா. ஒரே புள்ளன்னு நீ குடுக்குற செல்லம். ரெண்டு வேளை சோத்த நிறுத்திப் பாரு, வலி தானா ஓடிரும்."

வேன் ஓட்டுநருக்கும் அது விளையாட்டாகிவிட்டது. "என்னா ரூத்து, இன்னிக்கி லீவு வலியா, பரீட்ச வலியா?" வேனில் இருக்கும் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஒருநாள் வாசலில் நின்றிருந்த நானும் சிரித்தேன். அவள் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தாள்.

ஒரு ஞாயிறு மாலை அவள் குளியலறையிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "மா, பச்சையா வாந்தி வருது."

அன்று பாசாரில் பண்டான் இலைச் சாறு விட்ட பச்சைக் குவே பலகாரம் ஒரு டப்பா வாங்கி வைத்திருந்தேன்.

"எல்லாத்தையும் நீயே தின்னுட்டியா?"

"நான் தொடவே இல்லம்மா."

"அப்புறம் எப்படிடி பச்சையா வரும்?"

ஹேங்கரை எடுத்து அடித்தேன். எத்தனை அடி என்று எனக்குத் தெரியாது. வலிக்கிற வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்ததால் அடியைத் தடுக்க அவளுக்குக் கை இல்லை. மறுநாள் காலை குளிர்சாதனப் பெட்டியின் மேல் குவே டப்பாவைப் பார்த்தேன். கடைக்காரர் போட்ட ரப்பர் வளையம் கூடக் கழற்றப்படவில்லை. நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. டப்பாவோடு குப்பையில் போட்டேன்.

பக்கத்து வீட்டு லெட்சுமி அக்கா ஒருநாள் கோயிலிலிருந்து விபூதி கொண்டுவந்தார். "கண்ணு பட்டுருக்கும், கிராணியம்மா. புள்ளைக்கு வச்சிவிடுங்க." நான் பிள்ளையின் முன்னாலேயே, "உங்க சாம்பல எங்க வீட்டுக்குள்ள கொண்டுவராதீங்க" என்றேன். அவர் கையை மூடிக்கொண்டு திரும்பிப் போனார். அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு இல்லை.

ரஹாங்கில் ஒரு கடைவீட்டு மாடியில் எங்கள் சபை கூடுகிறது. சபையார் எங்களுக்காக இருபத்தொரு நாள் உபவாசம் இருந்தார்கள். அந்த அன்பை நான் இன்றும் மறக்கவில்லை. கடைசி நாள் பாஸ்டர் ரூத்தின் நெற்றியில் எண்ணெய் தடவி ஜெபித்துவிட்டு, "பாப்பா, இப்ப வலி இருக்கா?" என்று கேட்டார். "இல்ல பாஸ்டர்" என்றாள். அது உண்மை. அன்று காலையிலிருந்தே அவளுக்கு வலி இல்லை. ஆனால் நான் அழுது தரையில் விழுந்தேன். என் ஜெபம் கேட்கப்பட்டுவிட்டது என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

அடுத்த ஞாயிறு சாட்சி சொல்ல வேண்டும். நம் சபைகளின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். சுகம் பெற்றவர் தன் வாயால் சொன்னால்தான் அது உறுதிப்படும் என்பார்கள். நான் பயிற்சிப் புத்தகத்தில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். 'ஆண்டவர் என்னை முழுவதும் சுகமாக்கினார். இனி எனக்கு வலி வராது' என்று முடித்திருந்தேன். நான்கு நாள் மனப்பாடம் செய்யவைத்தேன். தடுமாறினால் முதலிலிருந்து.

"இனி வராதுன்னு சொல்லணுமா மா?"

"சொல்லணும். அதுக்குப் பேருதான் விசுவாசம்."

சொன்னாள். ஓர் எழுத்து பிசகவில்லை. எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள். என் கணவர் வீடியோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டார். அவர் பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் அவளை மடியில் உட்காரவைத்தார்.

வீட்டுக்குத் திரும்பும்போது காரின் பின் இருக்கையிலிருந்து ரூத் கேட்டாள்.

"மா, திரும்பி வலிச்சா?"

"அப்படி வாயால சொல்லவே கூடாது. சொன்னா பிசாசு அதப் புடிச்சிக்கிட்டு வலியக் கொண்டாந்துருவான். நீ சாட்சி சொல்லிட்ட. மாத்திச் சொன்னா ஆண்டவர பொய்க்காரர் ஆக்குன மாதிரி. புரியுதா?"

"புரியுது மா."

அதன்பின் ஆறு வாரம் அவள் வலி என்ற சொல்லையே சொல்லவில்லை. நான் தினமும் காலையில் நன்றி ஜெபம் செய்தேன்.

அந்த ஆறு வாரத்தில் நான் பார்த்தவற்றை இங்கே எழுத வேண்டும். பள்ளிப் பாவாடை இடுப்பில் நிற்காமல் ஊக்கு குத்திக்கொண்டாள். பார்த்தேன். பாதிச் சோற்றை மூடிவைத்தாள். பார்த்தேன். குளியலறைக்குப் போனால் குழாயை முழுசாகத் திறந்துவிடுவாள். தண்ணீர் வீணாகிறது என்று திட்டினேன். பள்ளி விட்டு வந்ததும் கட்டிலின் மேல் முழங்காலிட்டு, நெற்றியை மெத்தையில் அழுத்தி, அரை மணி நேரம் அப்படியே இருப்பாள். கதவோரம் நின்று நான் மெய்சிலிர்த்துப் போவேன். "எங்க ரூத் இப்ப முழங்கால்ல நிக்கிற பிள்ளை" என்று சபைச் சகோதரிகளிடம் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

ஒரு சனிக்கிழமை, பதினொரு மணி இருபது நிமிடம். நான் அலுவலகத்தில் இருந்தேன். லெட்சுமி அக்கா மோட்டாரை வாசலிலேயே சாய்த்துவிட்டு, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார்.

"கிராணியம்மா, நீங்க என்கிட்ட பேச வேணாம். காடிய மட்டும் எடுங்க. புள்ள வீட்டுக்குப் பின்னால கால்வாய்கிட்ட சுருண்டு கெடக்கு."

"ஜெபம் பண்ணிக்கிட்டுத்தானே இருந்தா..."

"என்னா ஜெபம்? துண்ட வாயில அமுக்கிக்கிட்டு மொனகுற சத்தம் ஒரு மாசமா செவுத்து வழியா கேக்குது. பைப்பத் தொறந்துவுட்டா எனக்குக் கேக்காதா? நீங்க வெரட்டுவீங்கன்னுதான் வரல. எம்மேலயும் தப்புதான் லா. எந்திரிங்க!"

வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்கிக் காரில் ஏற்றினோம். அவர் பின் இருக்கையில் ஏறி ரூத்தின் தலையை மடியில் வைத்துக்கொண்டார். பிள்ளையின் உதடு வெளுத்திருந்தது. வயிறு கல்லாக இருந்தது. முன் பக்கமிருந்து நான் "ரூத், ரூத்" என்று கத்திக்கொண்டே ஓட்டினேன். அவள் கண்ணைத் திறந்து சொன்னாள்.

"மா, நான் வாயால சொல்லல. லெட்சுமி அத்தகிட்டகூட சொல்லல. அதுவா வந்துருச்சு."

பிரியமானவர்களே, என் பிள்ளை சாகக் கிடந்தபோது என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்.

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் டாக்டர் கேள்விமேல் கேள்வி கேட்டார். எப்போதிருந்து வலி? ரூத் என் முகத்தைப் பார்த்துவிட்டு உதட்டை இறுக்கிக்கொண்டாள். "சொல்லும்மா, சொல்லு" என்று கெஞ்சினேன். தலையை ஆட்டி மறுத்தாள். அங்கே, அந்தப் படுக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, என் வாழ்க்கையின் முதல் உண்மையான ஜெபத்தைச் செய்தேன். ஆண்டவரே, நான்தான் பொய்க்காரி. நீர் இல்லை. நான் அடைத்த வாயை நீர் திறந்துவிடும். இவ்வளவுதான். சத்தமில்லாமல்.

டாக்டர் ஒரு மலாய்ப் பெண்மணி. குனிந்து, பிள்ளையின் காதருகே மலாயில் மெல்லக் கேட்டார். ரூத் மலாயில் பதில் சொல்லத் தொடங்கினாள். நிறுத்தவே இல்லை. வாரத்துக்கு மூன்று நாள், சில வாரம் நான்கு. வாந்தி எப்போதும் பச்சைதான். முழங்காலிட்டுக் குனிந்தால் கொஞ்சம் குறையும். எல்லாவற்றையும் சொன்னாள். பச்சை என்றதும் டாக்டர் நிமிர்ந்து, தாதியிடம் ஏதோ வேகமாகச் சொன்னார். கட்டிலைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள்.

பிறவியிலேயே அவளுடைய குடல் சரியாகப் பொருந்தி அமையவில்லையாம். அது தானாக முறுக்கிக்கொள்ளும், தானாகப் பிரிந்துவிடும். பிரிந்திருந்த நாளில் எடுத்த ஸ்கேனில் எதுவும் தெரியாததற்கு அதுதான் காரணம். அன்று அது பிரியவில்லை.

அறுவைச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தபோது சபையிலிருந்து சிலர் வந்தார்கள். ஒரு சகோதரி என் தோளில் கை வைத்து, "சுகம் கையில இருந்துச்சே சிஸ்டர், வீட்ல யாரு அவிசுவாசமா பேசுனீங்க?" என்றார். லெட்சுமி அக்காதான் சொன்னார்: "புள்ள உள்ள கெடக்கு. வாயப் பத்தி அப்புறம் பேசலாம். ஒக்காருங்க." என் கணவர் லோரியைச் செம்பனை ஆலையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். சுவரோரம் உட்கார்ந்து கைப்பேசியில் அந்த வீடியோவை அழிக்க முயன்றுகொண்டிருந்தார். விரல் தவறிப் பட்டு அது மீண்டும் மீண்டும் ஓடியது. 'இனி எனக்கு வலி வராது.' 'இனி எனக்கு வலி வராது.' அந்த நடைபாதை முழுவதும் அவள் குரல்.

ஐந்தே முக்காலுக்கு டாக்டர் வெளியே வந்தார். குடல் கறுத்துப் போயிருந்ததாம். முறுக்கைப் பிரித்து, சூடான ஈரத்துணியால் மூடிக் காத்திருந்தார்களாம். பெரும்பகுதி மெல்லச் சிவந்ததாம். ஒரு சாண் நீளம் மட்டும் சிவக்கவில்லை. அதை வெட்டி எடுத்துவிட்டார்கள். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் எதுவும் மிஞ்சியிருக்காது என்றார். அந்தத் துணிக்கடியில் இரத்தத்தைத் திரும்ப ஓடவைத்தவர் யார் என்று எனக்குத் தெரியும். டாக்டரின் கையும் அவருடையது. ஹெல்மெட்டோடு ஓடிவந்த காலும் அவருடையது.

மூன்றாம் நாள் ரூத்திடம் கேட்டேன், டாக்டரிடம் மட்டும் எப்படிச் சொன்னாய் என்று. "சாட்சி தமிழ்லதானே சொன்னேன். மலாய்ல சொன்னா அது மாறாதுன்னு நெனச்சேன்." நான் குவே டப்பாவைப் பற்றிச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். ரப்பர் வளையத்தைப் பற்றியும் சொன்னேன். அவள் கூரையைப் பார்த்தபடி, "தெரியும்மா. நீங்க குப்பையில போட்டத நான் பார்த்தேன்" என்றாள்.

வயிற்றுத் தையல் ஆறியது. இது ஆறவில்லை. தாதிகளிடம் மலாயில் வலிக்கிறது என்று சொல்வாள். நான் கேட்டால், "இல்லம்மா." வீட்டுக்கு வந்த பிறகும் அதேதான். விழுந்து முட்டியில் தோல் உரிந்து இரத்தம் வழியும்போதும், "வலிக்கல மா."

ரஹாங் மாடியில் ரூத் சாட்சி சொன்ன அதே மைக்கைப் பிடித்து நான் சபையாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கைதட்டல் இல்லை. பாஸ்டர் எழுந்து வந்து, "பாப்பாகிட்ட நானும் மன்னிப்புக் கேக்கணும்" என்றார். இரண்டு குடும்பங்கள் எங்களோடு பேசுவதை நிறுத்திக்கொண்டன. பரவாயில்லை. நான் பல மாதம் பேசாமல் ஒதுக்கிய லெட்சுமி அக்கா இப்போது சாயங்காலம் எங்கள் வீட்டில்தான் தேநீர் குடிக்கிறார்.

உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை வலி என்று சொன்னால் முதலில் நம்புங்கள். ஜெபியுங்கள், காரையும் எடுங்கள். மருந்துக்குப் பிறகும் வலி இருந்தால், ஜெபத்துக்குப் பிறகும் வலி இருந்தால், அதைச் சபையிலேயே சொல்லட்டும். ஆண்டவரைக் காப்பாற்ற நாம் பொய் சொல்லத் தேவையில்லை. உண்மையைக் கேட்டு அவர் கோபப்படவில்லை. நான் பொய்க்காரி என்று ஒத்துக்கொண்ட அந்த நிமிடத்தில்தான் அவர் எனக்குப் பதில் தந்தார். அவரை நம்புங்கள். அவர் கேட்கிறார்.

அதன்பின் ஏழு மாதம் நான் ஒரே ஜெபம்தான் செய்தேன். என் மகள் என்னிடம் வந்து, எங்கள் மொழியில், வலிக்கிறது என்று சொல்ல வேண்டும்.

போன மாதம், ரம்புத்தான் பழுத்த சமயம். சனிக்கிழமை காலை பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கையில் ஹேங்கர் இருந்தது. சமையலறைக் கதவு திறந்த சத்தம் கேட்டுத் திரும்பினேன். ரூத் செருப்பில்லாமல் படியில் நின்றிருந்தாள். முதலில் ஹேங்கரைப் பார்த்தாள். நான் அதைக் கீழே போட்டேன். பிறகு மெதுவாக இறங்கி, என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அம்மா, வயிறு வலிக்குது. ரம்புத்தான் நெறைய தின்னுட்டேன்னு நெனக்கிறேன்." ஒரு நிமிடம் என் முகத்தையே பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"நெசமாத்தான் மா."