கழலும், ஆனால் கழற்றக் கூடாது

வாங்க வந்தவருக்குத் தெரிந்ததில் பாதிகூடத் தெரியாமல், கவுண்டருக்குப் பின்னால் சிரித்த முகமாக நின்று பொருள் விற்றிருக்கிறீர்களா? விற்றிருந்தால் நீங்கள் என் சொந்தக்காரர். நீங்கள் விற்றது சேலையாகவோ செல்போனாகவோ இருக்கும். நான் விற்பது துப்பாக்கி, அதிலும் பட்டாளத்தில் ஓய்வு கொடுத்து அனுப்பிய பழைய ரைஃபிள்.

தாராபுரம் பக்கத்து ஊராட்சிப் பள்ளியில் படித்தவள் நான். மேற்கு ஆக்லாந்தில் இந்த வேட்டைச் சாமான் கடையில் கம்பூட்டு என்கிற ரப்பர் ஷூவும் மழைக்கோட்டும் விற்கத்தான் சேர்ந்தேன். துப்பாக்கிப் பக்கம் நின்றவர் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். லைசென்ஸ் வகுப்பு படித்துப் பாஸ் செய்ததும் முதலாளி புரூஸ் என்னை அந்தப் பக்கம் தள்ளிவிட்டார். ஆனால் ட்ரையல் முடியும்வரை தற்காலிகம்தான். எனக்கோ அந்த வேலை நிலைத்தே ஆக வேண்டும். ஸ்கூல் விடும் நேரத்துக்கு "கிளம்பு, பிள்ளை காத்திருக்கும்" என்று விரட்டிவிடும் இன்னொரு முதலாளி, எங்கள் வீடு இருக்கிற ரானுயியில் தொடங்கி நகரத்துக்குள் எப்சம் வரை தேடினாலும் கிடைக்கமாட்டார்.

இழுத்தாலும் வராதது

மேகசின் என்பது தோட்டாக்கள் வரிசையாக உட்காரும் சின்னப் பெட்டி. பிரிட்டிஷ் ரைஃபிளில் அது அடியில் துருத்திக்கொண்டு இருக்கும். ஒரு கொக்கியை அமுக்கினால் கையோடு வந்துவிடும். ஜெர்மன் ரைஃபிளில் அது மரக்கட்டைக்குள்ளேயே ஐக்கியம். மேலே திறந்து தோட்டாவை அமுக்க வேண்டியதுதான். இதை முதல் நாளே புரூஸ் சொன்னார். நானும் தலையை நன்றாகத்தான் ஆட்டினேன்.

மறுநாள் ஒரு பெரியவர் ஜெர்மன் ரைஃபிளைப் பார்க்க வந்தார். "இதன் மேகசினையும் கழற்றிக் காட்டுகிறேன்" என்று நான் பெருமையாக ஆரம்பித்தேன். கொக்கியைத் தேடினேன், இல்லை. துருப்பிடித்துப் போயிருக்கும் என்று நினைத்து, இறுகின ஊறுகாய் பாட்டிலைத் திறக்கிற மாதிரி இடுப்பில் அண்டக்கொடுத்து இழுத்தேன். வளையல் உடைந்ததுதான் மிச்சம். பெரியவர் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "அது வந்துவிட்டால், கூடவே வருகிற மரத்தையும் எனக்கே கட்டிக் கொடுத்துவிடம்மா."

பல் செட்டு

அந்த அவமானத்துக்குப் பிறகு கழலுகிற வகை மேல் எனக்குப் பாசம் கூடிவிட்டது. பிரிட்டிஷ் ரைஃபிள் வாங்கிய இளைஞர் ஒருவருக்கு, சினிமாவில் வருகிற மாதிரி ஒன்று தீர்ந்ததும் இன்னொன்றைச் சட்டென்று மாட்ட வேண்டுமாம். உபரி மேகசின் கேட்டார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. "கழலுகிற சாமான்தானே, எது வேண்டுமானாலும் சேரும்" என்று வாக்குக் கொடுத்து, டப்பாவில் கிடந்ததையெல்லாம் கொட்டினேன். ஒன்று உள்ளே போகவில்லை. ஒன்று போனது, திரும்பி வரவில்லை. இன்னொன்று தொளதொளவென்று ஆடியது.

புரூஸ் வந்தார். பட்டாளத்தில் ஒரு ரைஃபிளுக்கு ஒரு மேகசின்தானாம். அந்தந்த ரைஃபிளுக்கென்று ராவிப் பொருத்தினதாம். சிப்பாய் அதைக் கழற்றவே மாட்டாராம். ஐந்தைந்தாகக் கிளிப் என்கிற தகட்டில் செருகின தோட்டாக்களை மேலிருந்தே உள்ளே தள்ளுவாராம். கழற்றுவது சுத்தம் செய்ய மட்டும். "பிறகு எதற்குக் கழலுகிற மாதிரி செய்தார்கள்?" என்று இளைஞரும் நானும் ஒரே குரலில் கேட்டோம். புரூஸ் தன் வாயைச் சுட்டிக் காட்டினார்: "என் பல் செட்டுகூடக் கழலும். அதற்காக ஒவ்வொரு வாய் சாப்பாட்டுக்கும் புதுசு மாட்டுகிறேனா?"

ஒரே தட்டில்

இவ்வளவும் கேட்டபிறகுதான் இதைச் செய்தேன் என்பதைக் கவனியுங்கள். ஒரே கிளப்பைச் சேர்ந்த நால்வர், சனிக்கிழமைப் போட்டிக்காக நாலு பிரிட்டிஷ் ரைஃபிளைச் சுத்தம் செய்யக் கொடுத்திருந்தார்கள். விசேஷம் முடிந்த வீட்டில் நாம் எப்படிப் பாத்திரம் கழுவுவோம்? குண்டாவெல்லாம் ஒரு பக்கம், மூடியெல்லாம் ஒரு பக்கம். நானும் நாலு மேகசினையும் கழற்றி ஒரே தட்டில் போட்டேன். துடைத்து எண்ணெய் தடவி, கைக்கு வந்ததை வந்ததில் மாட்டிவிட்டேன். நாலும் பளபளவென்று இருந்தன. வெளியே மாவு மாதிரி தூறல், உள்ளே என் பாட்டு வேறு.

முதலில் எடுத்துப் போனவர் குகன் அண்ணா. யாழ்ப்பாணத்துக்காரர், பக்குரங்காவில் வீடு. பயிற்சிக்குப் போனவர் போன வேகத்தில் திரும்பி வந்தார். தோட்டா மேலே ஏறாமல் மூக்கைக் கவிழ்த்துக்கொண்டு நிற்கிறதாம். மேகசினைக் கழற்றிக் கவுண்டரில் வைத்துவிட்டு என்னைப் பார்த்து, துப்பாக்கியைத் துவக்கு என்கிற அவர் ஊர்த் தமிழில் சொன்னார்: "தங்கச்சி, என்ர துவக்குக்கு நீர் வேற ஆற்றையோ வாயைப் பொருத்தி விட்டிருக்கிறீர்."

ரோஸ் பொட்டு

புரூஸ் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "வெள்ளிக்கிழமைக்குள் நாலும் அதனதன் ஜோடியோடு இருக்கணும். உன் வேலையைப் பற்றி அதற்கப்புறம் பேசலாம்" என்றார். இரண்டு மேகசின்களில் ரைஃபிளின் நம்பரே அடித்திருந்ததால் அவை சுலபமாக வீடு சேர்ந்தன. மற்ற இரண்டும் மொட்டை. புரூஸ் டம்மி தோட்டாக்களைப் போட்டுப் போட்டு ஓட்டிப் பார்த்துச் சேர்த்துவைத்தார். இதோடு நான் கையைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கலாம்.

ஊரில் என்றால் பாத்திரத்தில் பேர் வெட்டுவோம். இங்கே பேர் வெட்டுகிற கடைக்கு எங்கே போக? கோயிலில் எல்லாரும் சமைத்துக் கொண்டுபோகிற நாளில், மூடி மாறாமல் இருக்கப் பாத்திரத்துக்கும் மூடிக்கும் நெயில் பாலிஷில் புள்ளி வைப்பதுதான் எங்கள் வழக்கம். மறுநாள் புரூஸ் பேங்குக்குப் போன நேரம் பார்த்து, கைப்பையில் இருந்த பாட்டிலை எடுத்தேன். முதல் ரைஃபிளின் கட்டைக்கும் மேகசினுக்கும் ஒரு புள்ளி, அடுத்ததுக்கு இரண்டு, இப்படியே நாலுக்கும். பாட்டில் என் மகள் யாழினியுடையது. ரோஸ் கலர், ஜிகினா போட்டது.

திரும்பி வந்த புரூஸ் பார்த்தார். நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். ரிமூவர் வைத்து அழித்துவிடலாம் என்றேன். ரிமூவர் பட்டால் அந்த மரத்தில் இத்தனை காலமாக ஊறியிருக்கிற எண்ணெய்ப் பூச்சும் சேர்ந்து போய்விடுமாம். பழசு சேகரிக்கிறவர்களுக்கு அந்தப் பூச்சுதான் உயிராம். கூரையைப் பார்த்துச் சொன்னார்: "ஒரு பெரிய யுத்தத்தையே தாங்கின ரைஃபிள், வாஸ். உன்னைத் தாங்குமா தெரியவில்லை." என் பெயர் வசந்தி. அவர் வாயில் அது வாஸ்.

எந்த ஆயுதசாலை?

வெள்ளிக்கிழமை மதியம் நால்வரும் வந்தார்கள். நான் கம்பூட்டு அலமாரிக்குப் பின்னால் ஏற்கெனவே அடுக்கின பெட்டிகளை மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தேன். புரூஸ் நடந்ததைச் சொல்ல வாயெடுப்பதற்குள் குகன் அண்ணாவின் குரல் கேட்டது. "இதென்ன, துவக்குக்கு ஆர் பொட்டு வச்சது?" தமிழில் கேட்டதால், கடையில் இருந்த ஒரே தமிழச்சிதான் குற்றவாளி என்று எல்லாருக்கும் தெரிந்துபோனது.

வெளியே வந்து மன்னிப்புக் கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை. போட்டி முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று ஒருவர் புரூஸிடம் சொன்னார். அவர்களில் காது மந்தமான ஒரு பெரியவர் மட்டும் கண்ணாடியை மாட்டி, ஜிகினாவை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது எந்த ஆயுதசாலை முத்திரை என்று மரியாதையாகக் கேட்டார். பயத்தில் எனக்கு வாயில் வந்தது வீட்டு விலாசம்தான். "ரானுயி" என்றேன். அவர் புருவம் உயர்ந்தது: "ரானுயியில் ஆயுதசாலை இருந்ததா? இத்தனை வருஷமாக ஆக்லாந்தில் இருக்கிறேன், எனக்கு ஒருவரும் சொல்லவில்லையே!"

திங்கட்கிழமை

அந்த வாரக்கடைசியில் எனக்குச் சோறு இறங்கவில்லை. என் வீட்டுக்காரர் செந்தில், "போனால் போகுது, வேற கம்பூட்டுக் கடையா இல்லை?" என்று ஆறுதல் சொல்லி இன்னும் அழவைத்தார். திங்கட்கிழமை புரூஸ் டீக் கோப்பையோடு காத்திருந்தார். சனிக்கிழமை போட்டி நடுவில் மழை கொட்டியதாம். எல்லாரும் கொட்டகைக்குள் ஓடி, நனைந்த ரைஃபிள்களைத் துடைக்க மேகசினைக் கழற்றி ஒரே மேசையில் குவித்திருக்கிறார்கள். கிளப் முழுக்க, அனுபவசாலிகள் எல்லாரும், என்னைப் போலவே! ரோஸ் பொட்டுக்காரர்கள் நால்வரும் தங்களுடையதைப் பொறுக்கிக்கொண்டு போய்விட்டார்களாம். மற்றவர்கள் மூடி மாறின வீட்டுக்காரர்களாக நின்றிருக்கிறார்கள். நால்வரும் புகார் ஏதும் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம்.

எனக்குச் சிறகு முளைப்பதைப் பார்த்துப் புரூஸ் உடனே கையைத் தூக்கினார். "நீ இரு, வாஸ். ட்ரையல் முடிந்தது. ஆனால் இனிமேல் புதிதாக ஏதாவது யோசனை வந்தால் என்னிடம் வந்து சொல்லு. சொல்லிவிட்டு, அதைச் செய்யாதே."

ஆக, கழற்றி மாட்டுகிற வகையாக உள்ளே வந்த நான், இழுத்தாலும் வராத வகையாக அந்தக் கவுண்டரில் பொருந்திவிட்டேன்.

அன்று மத்தியானம் குகன் அண்ணா மறுபடி வந்தார், கையில் நீளப் பையோடு. உள்ளே அவருடைய இன்னொரு ரைஃபிள், மரத்துக்குள்ளேயே மேகசின் வைத்த ஜெர்மன் வகை. இதில் மாறுவதற்கு எதுவுமே இல்லையே, அண்ணா, என்றேன். கதவுப் பக்கம் திரும்பி, புரூஸ் இல்லை என்று பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்:

"ஓம், எனக்கும் விளங்குது. எண்டாலும் மற்றது பொட்டோட நிக்கேக்க இது வெறும் நெத்தியோட நிக்கிறது பாக்க ஒரு மாதிரிக் கிடக்கு. சின்னனா ஒண்டு வச்சு விடும், தங்கச்சி."