புடையனின் நஞ்சும் ஒரு இடைவெளியும்

போன காலபோக நெல் விதைப்பில், வயலுக்குள் வைத்து அப்பாவைப் புடையன் பாம்பு கடித்தது. ஆஸ்பத்திரியில் காப்பாற்றிவிட்டார்கள். பயம் மட்டும் எங்கள் வீட்டோடு தங்கிவிட்டது. பொழுதுபட்டால் விடியும்வரை அதன் பேரை யாரும் வாயில் எடுக்க அம்மா விடமாட்டா. "பூச்சி எண்டு சொல்லு" என்று அதட்டுவா. நானோ அந்தக் கடிக்குப் புது மருந்து தேடும் பல்கலைக்கழக ஆய்வுக்காக, கண்டாவளை வீட்டில் இருந்தபடியே, அந்தப் பூச்சியின் நஞ்சிலுள்ள ஒரு புரதத்தைக் கணினியில் கட்டிக்கொண்டிருந்தேன்.

அந்தப் புரதம் எப்படி மடிந்திருக்கும் என்று யாரும் கண்டதில்லை. உறவுக்காரப் பாம்பு ஒன்றின் புரதத்துக்கு வடிவம் தெரியும். இரண்டின் அமினோ அமில வரிசைகளையும் மேலும் கீழுமாக வைத்து, ஒத்த இடங்களை நேர்ப்படுத்தி, தெரிந்ததன் மேல் தெரியாததைக் கட்டவேண்டும். சில இடங்களில் எதிரே ஒன்றும் இராது. அங்கே இடைவெளி விடுவோம். அதைப் பிழையான இடத்தில் விட்டால் பக்கத்தில் உள்ளவையும் இடம்மாறிப்போகும். சரியாக விட்டாலும் நிம்மதி இல்லை. எங்கள் பாம்பில் மட்டும் கூடுதலாக இருக்கும் துண்டுக்கு மாதிரி கிடையாது, கணினி தன் ஊகத்தில் ஒரு வளைவைப் போட்டு ஒட்டிவிடும். படத்தில் அதுவும் மற்றதெல்லாம் போல வடிவாகத்தான் இருக்கும்.

எனக்கு வந்த இடைவெளி, புரதத்தில் அந்த மருந்து போய் ஒட்டவேண்டிய குழியின் வாசலில் விழுந்தது. கணினி அங்கேயும் ஒரு வளைவைப் போட்டு ஒட்டியிருந்தது.

அன்று பின்னேரம் அப்பா திரையை எட்டிப் பார்த்தார்.

"இதுவோ பிள்ளை அதின்ரை நஞ்சு?"

"ஓம் அப்பா."

சந்தோசமாக வாய்க்காலடிப் பக்கம் போனார்.

மறுநாள் இருட்டோடு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு படியிறங்கினார். கடிபட்ட பிறகு நாங்கள் வாங்கிக்கொடுத்த றப்பர் சப்பாத்து கதவுக்குப் பின்னால் கிடந்தது.

"சப்பாத்தைப் போடுங்கோ!"

"அது சேத்துக்கை இழுபடுது பிள்ளை. நீதானே நஞ்சைக் கண்டுபிடிச்சிட்டாய், இனி மருந்து வந்திடும்."

அவரை இழுத்துவந்து கதிரையில் இருத்தி, கணினி போட்ட அந்த வளைவை அழித்தேன். குழியின் வாசலில் படம் அறுந்து நின்றது.

"பாருங்கோ. இந்த இடம் எப்பிடி இருக்கும் எண்டு எனக்குத் தெரியாது. நேற்று நீங்கள் பார்த்தது கணினி தன்ரை பாட்டுக்குக் கீறினது."

"அப்ப மருந்து?"

"கிட்டவும் இல்லை அப்பா."

எழுந்து போய்ச் சப்பாத்தை எடுத்தார். ஒரு காலை நுழைத்தவர் அப்படியே நின்றார்.

"பக்கத்து வயல்காரனுக்கும் நேற்றுச் சொல்லிப்போட்டன். இனிப் பயப்பிடாமல் இறங்கு எண்டு. இப்ப தண்ணி கட்டிக்கொண்டு நிப்பான்."

ஒரு காலில் சப்பாத்தோடு அவர் வரம்பில் ஓடினார். நான் பின்னால் ஓடினேன். இன்னும் விடியவில்லை. "புடையன்! மருந்து இல்லை, மேலை ஏறுங்கோ!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அம்மா குசினி வாசலில் நின்றா. என்னைத் தடுக்கவில்லை. அவாவும் அந்தப் பேரைச் சொல்லிக் கத்தத் தொடங்கினா.