திருப்பிக் கொடுக்கப் போன ஓவியம்

சும்மா வருகிற எதையும் நான் நம்புவதில்லை. கொழும்பில் பத்திரிகைக்காரியாக இருந்த காலத்துப் புத்தி அது. ஆக்லாந்துக்கு வந்தும் விட்டுப்போகவில்லை.

ஏவன்டேலில் வசிக்கும் சீன ஓவியர் ஒருவரை இங்குள்ள பத்திரிகைக்காகப் பேட்டி கண்டேன். கறுப்பு மையில் வரைபவர். பேச்சுவாக்கில், தன் ஊர் அதிகாரிகள் தன் கண்காட்சியை இழுத்து மூடிய கதையையும் சொல்லிவிட்டார். எனக்கு அது அல்வா கிடைத்த மாதிரி. மறுநாள் அவரே அலுவலகத்துக்கு வந்து, சுருட்டிய ஓவியம் ஒன்றைத் தந்துவிட்டு, தேநீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். வீட்டில் விரித்துப் பார்த்தேன். ஒரு பாகற்கொடி, இரண்டு காய், மூலையில் சிவப்பு முத்திரை. அழகாகத்தான் இருந்தது. அதுவே எரிச்சலாகவும் இருந்தது.

"சோழியன் குடுமி சும்மா ஆடாது. ஏதோ கேக்கப்போறார், இருந்து பாரும்" என்றார் கணவர். ஓவியத்தின் அடியில் கோத்திருந்த மரக்கோலைத் தட்டி, உள்ளே ஒட்டுக்கேட்கும் கருவி இருக்கிறதா என்றுகூடப் பார்த்தேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஓவியர் எதுவும் கேட்கவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. கட்டுரை அச்சுக்குப் போகுமுன் திருப்பிக் கொடுத்துவிடுவோம் என்று ஏவன்டேலுக்கு ரயிலேறினேன். சுருளைக் கண்டதும் ஓவியரின் முகம் கறுத்துவிட்டது. உடைந்த ஆங்கிலத்தில் மெல்லச் சொன்னார். தங்கை இன்னும் சீனாவில்தான் ஆசிரியையாக இருக்கிறாள். கண்காட்சிக் கதை வெளிவந்தால் அவள் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். அதை எழுதாதீர்கள் என்று கேட்க வாய் வராமல்தான் ஓவியத்தைத் தந்திருக்கிறார்.

கொழும்பில் செய்தி எழுதியவளுக்குக் கதவு தட்டுவது தெரியாததா? கட்டுரையில் கண்காட்சிக் கதை வரும் பந்தியை எடுத்துவிடுகிறேன் என்றேன். ஆனால் கைக்கூலி வாங்கியதாக இருக்கக் கூடாது, ஓவியத்தைப் பிடியுங்கள் என்றேன்.

அவர் கை நீட்டவில்லை.

"நீங்கள் இதைத் திருப்பித் தந்தால், நான் உங்களை எப்படி நம்புவது?"

சும்மா வருகிற எதையும் நம்பாத இன்னொருவர். கோபம் வந்தது, கூடவே அழுகையும் வந்தது. ஓவியத்தைக் கொண்டுவந்து கூடத்தில் மாட்டினேன். பந்தியை வெட்டினேன்.

தங்கைக்காகத்தான் வெட்டினேன் என்று கணவரிடம் சொல்லியிருக்கிறேன். ஓம், உண்மைதான். ஆனால் அந்தப் பாகற்கொடி என்னிடம் வந்திராவிட்டால் நான் ஏவன்டேலுக்குத் திரும்பிப் போயிருக்கவே மாட்டேன். பந்தி அப்படியே அச்சேறியிருக்கும்.