மேஸ்திரி பை கட்டிய கதை

வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனியில் மேஸ்திரியாக இருப்பவருக்கு ஒரு பையைக் கட்டத் தெரியவில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அவரே நம்பவில்லை. அதனால்தான் விஷயம் அந்த அளவுக்கு முற்றிப்போனது.

மனிதரைக் குறைத்துச் சொல்லக் கூடாது. மாடிப்படித் திருப்பத்தில் மாட்டிக்கொண்ட பீரோவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "தலைய இடது பக்கம் சாய்ச்சு, கால மேல தூக்கு" என்பார். பீரோ சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டு இறங்கி வரும். கண்ணாடி அலமாரி, மீன் தொட்டி, ஒரு தடவை பல் டாக்டரின் நாற்காலிகூட அவர் கையால் கட்டப்பட்டு ஒரு கீறல் இல்லாமல் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஊர் ஊராகப் போனவர். ஆனால் எந்த ஊரைப் பற்றிக் கேட்டாலும் அந்த ஊரின் படிக்கட்டைத்தான் சொல்வார். "அதுவா? லிஃப்ட் ரொம்பக் குறுகல்." "அதுவா? நல்ல ஊரு, படி அகலம்." கடற்கரை ஊர் ஒன்றுக்கு நாலைந்து தடவை போயிருக்கிறார், கடலைப் பார்த்ததில்லை. சாமானை இறக்கிய கையோடு காலி லாரியில் ஏறி, தூங்கிக்கொண்டே திரும்பிவிடுவார்.

எதையும் விட்டுவிட்டு வரக் கூடாது என்பதுதான் தொழிலில் அவருக்கு இருந்த ஒரே கொள்கை. இருப்பதைக் கட்டு, ஏற்று, அவ்வளவுதான். இந்தக் கொள்கையால் ஒரு முறை வசமாக மாட்டிக்கொண்டார். சமையலறையில் இருந்த குப்பைத் தொட்டியைக் குப்பையோடு சேர்த்து, காற்றுக் குமிழி வைத்த பபிள் ரேப் தாளைச் சுற்றி, அட்டைப்பெட்டியில் வைத்து, 'உடையும் பொருள்' என்று பெரிதாக எழுதி அனுப்பிவிட்டார். ஒரு வாரம் கழித்து அந்த வீட்டம்மாள் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு போனில் பேசிய பேச்சு இருக்கிறதே, அதை எழுத முடியாது. "எல்லாம் சரிம்மா, ஒரு வெங்காயத் தோலாவது வெளிய சிதறுச்சா?" என்று மேஸ்திரி கேட்டாராம். இந்தக் கதையை ஊர் முழுக்கப் பரப்பியதும் அவர்தான். "என்னைப் பத்தி அடுத்தவன் சொல்லிச் சிரிக்கிறதுக்கு முன்னாடி நானே சொல்லிச் சிரிச்சுடணும். அதுல ஒரு மரியாதை இருக்கு" என்பார்.

ஊர் சுற்றும் ஆசை மனைவியுடையது. சலவைக் கடை கவுண்டரில் உட்கார்ந்து, ஊரார் துணிக்கெல்லாம் சீட்டுக் கிழித்துக் கொடுத்தே காலத்தை ஓட்டியவள். கல்யாணமான புதிதில் மேஸ்திரி, "கொஞ்சம் நிமிர்ந்ததும் ரெண்டு பேரும் ஊர் ஊரா சுத்தலாம்" என்று வாயைக் கொடுத்துவிட்டார். அவள் அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டாள். மகள் பிறந்து, படித்து, வேலைக்குப் போய், கல்யாணமும் ஆகிவிட்டது. அதற்குப் பிறகும் ஒரு வருஷம் கூரை ஒழுகியது, ஒரு வருஷம் மேஸ்திரிக்கு முட்டி வலித்தது, ஒரு வருஷம் வெயில் அதிகம். இந்த வருஷம் அவள் யாரையும் கேட்கவில்லை. கடையில் வேலையை விட்டுவிடுவதாகச் சொன்னாள், அவருடைய கம்பெனிக்கே நேரில் போய் அவருக்கு லீவும் வாங்கிவிட்டாள். வெள்ளிக்கிழமை காலை ரயில். அரை வருஷம். ரயில், பஸ், படகு, பிடித்த ஊரில் தங்குவது, பிடிக்காவிட்டால் கிளம்புவது.

மகள் ஒரே அளவில் இரண்டு முதுகுப் பைகள் வாங்கி வந்து கொடுத்தாள். கொடுக்கும்போதே, "அப்பா, இது முதுகுல மாட்டுற பை. லாரி இல்ல" என்று சொல்லித்தான் கொடுத்தாள்.

மனைவி தன் பையை டீ ஆறுவதற்குள் கட்டி முடித்தாள். மாற்றுத் துணி, ஒரு போர்வை, மருந்து, சீப்பு. "ராத்திரி அலசிப் போட்டா காலையில காஞ்சுடும்" என்று பையைக் கதவுக் கொக்கியில் மாட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். பள்ளிக்கூடப் பிள்ளையின் பை போல ஒல்லியாகத் தொங்கிய அதைப் பார்த்து மேஸ்திரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தொழில் தெரியாதவர்கள் கட்டினால் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டார்.

பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தன் பையில் இறங்கினார். டம்ளருக்கு பபிள் ரேப். தட்டுக்கு பபிள் ரேப். சோப்பு டப்பாவுக்கு இரண்டு சுற்று. சாயங்காலத்துக்குள் பை நிரம்பிவிட்டது. பிரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் பபிள் ரேப்தான். துணி வைக்கவே மறந்திருந்தார். சரியென்று துணிகளை வைத்தார், இஸ்திரிப் பெட்டியை வைத்தார், இஸ்திரிப் பெட்டி சும்மா இருக்கக் கூடாதே என்று மேலும் கொஞ்சம் துணி வைத்தார். கட்டில் ஓரமாக உட்கார்ந்து பையை முதுகில் மாட்டிக்கொண்டு எழுந்தார். எழுந்தது ஒரு நொடிதான். பை அவரைப் பின்னால் இழுத்துக் கட்டிலில் கிடத்தியது. கை கால்களை உதைத்துக்கொண்டு, மல்லாக்கப் போட்ட கரப்பான்பூச்சியாகக் கிடந்தவரை, கடையிலிருந்து திரும்பி வந்த மனைவிதான் வாரைக் கழற்றி மீட்டாள்.

"பீரோவ இறக்குற ஆளு" என்றாள்.

"பீரோவ நான் தூக்குனதே இல்லம்மா. தூக்கச் சொல்லித்தான் பழக்கம்" என்று அசடு வழிந்தார்.

மறுநாள், அவரோடு காலமெல்லாம் லாரி ஓட்டிய டிரைவர் வழியனுப்பிவிட்டுப் போக வந்தார். வந்தவர் சும்மா இருக்கலாம். பையைச் சுற்றி வந்து, "அண்ணே, கயிறு வெச்சீங்களா?" என்றார்.

"கயிறு எதுக்குப்பா?"

"கயிறு இல்லாம எப்படிண்ணே?"

கேள்வி நியாயமாகத்தான் பட்டது மேஸ்திரிக்கு. கயிறு போனது. கயிறு போனால் தார்ப்பாய் போக வேண்டும். தார்ப்பாய் போனால் அது கிழியும். ஆகவே கோணி ஊசி. அடுத்து டார்ச் லைட், சுத்தியல், ஒரு டப்பா ஆணி. கடைசியில் இரண்டு பேரும் பையின் மேல் ஏறி உட்கார்ந்து ஜிப்பை இழுத்தார்கள். அது பாதி வழி வந்து, பல்லை இளித்துவிட்டது. அனுபவசாலிகள் அசருவார்களா? எடுத்து வைத்த கோணி ஊசியையே வெளியே எடுத்து, சணலால் பையின் வாயை இறுக்கித் தைத்துவிட்டார்கள். அருமையான தையல். டிரைவர் டீ குடித்துவிட்டுக் கிளம்பிப் போன பிறகுதான், மூக்குக் கண்ணாடி பைக்குள் போய்விட்டது மேஸ்திரிக்குத் தெரிந்தது. கண்ணாடி இல்லாமல் தையலைப் பிரிக்க முடியவில்லை. தையலைப் பிரிக்காமல் கண்ணாடி கிடைக்காது. மனைவி வரும் வரை கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவள் வந்து தையலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, மேஸ்திரி மெல்ல ஆரம்பித்தார். "ஒரு வாரம் தள்ளிப் போடலாமா? ஜிப் வேற போச்சு. நிதானமா, முறையா கட்டிக்கிட்டு..."

அவள் கண்ணாடியை எடுத்துப் புடவைத் தலைப்பில் துடைத்து அவர் கையில் கொடுத்தாள். "ஜிப் மாத்தித் தர எங்க கடையில ஆள் இருக்கு. நாளைக்கு நானே எடுத்துட்டுப் போறேன். வெள்ளிக்கிழமை நான் கிளம்புறேங்க. உங்க டிக்கெட் மேசை மேல இருக்கு. வரணும்னா வாங்க" என்றாள்.

கத்தியிருந்தால் பரவாயில்லை. கத்தவில்லை. அரை வருஷம் இந்த வீட்டில் தனியாக, தன் சமையலைத் தானே சாப்பிட்டுக்கொண்டு இருப்பதை மேஸ்திரி நினைத்துப் பார்த்தார். அவள் போய்விடுவாள். போனால் சந்தோஷமாகவும் இருப்பாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

வியாழக்கிழமை மதியம், ஜிப் மாற்றிய காலிப் பையோடு மனைவி வீடு திரும்பினாள். கடையில் அன்றோடு அவள் கணக்கு முடிந்தது. மேஸ்திரி எல்லாவற்றையும் கூடத்தில் கொட்டி நடுவில் உட்கார்ந்திருந்தார். எதை எடுத்தாலும் தேவை போலத் தெரிந்தது, கீழே வைத்தால் எதற்கு என்று தோன்றியது. கால் வைக்க இடமில்லை. அவள் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு, சாய்ந்து உட்கார்ந்தாள்.

"கேளுங்க" என்றாள்.

மேஸ்திரிக்கு உடனே விளங்கியது. அந்தக் குப்பைத் தொட்டி விவகாரத்துக்குப் பிறகு அவர் தொழிலில் ஒரு பழக்கம் வைத்திருந்தார். முக்கியமான சாமானெல்லாம் ஏறிய பிறகு, மீதிக் கிடக்கும் கண்டது கடியதைக் கூடத்தில் குவித்துவிட்டு வீட்டுக்காரரை நாற்காலியில் உட்கார வைப்பார். ஒவ்வொன்றாகக் கையில் தூக்கிக் காட்டி, "போகுதா, நிக்குதா?" என்று கேட்பார். அவர்கள் வாயால் சொன்னதுதான் சட்டம். மேஸ்திரி குறுக்கே பேசவே மாட்டார். இதையெல்லாம் சாப்பாட்டு நேரத்தில் அவரே அவளுக்கு அளந்திருக்கிறார்.

எழுந்து நின்றார். இஸ்திரிப் பெட்டியைத் தூக்கினார். "போகுதா, நிக்குதா?"

"நிக்குது."

"தார்ப்பாய்?"

"நிக்குது."

"கயிறு?"

"போகுது. துணி காயப்போட ஆகும்."

டிரைவர் மானம் தப்பியது. சுத்தியல் நின்றது, ஆணி டப்பா நின்றது, மூன்று குடைகளில் ஒன்று போனது. வேலை சரசரவென்று நடந்தது. சொல்வதற்கு ஒருவர் இருந்தால் கை எப்படி ஓடுகிறது என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. தன் புத்தி இத்தனை நாளாக அடுத்தவர் வாயில் இருந்திருக்கிறது போலும் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டார்.

கடைசியாக ஒன்று மிஞ்சியது. முதுகில் கம்பெனி பெயர் அச்சடித்த நீலச் சட்டை. அதைக் கையில் எடுத்தவர் கேட்கவில்லை.

"ஏன் கேக்கல?"

"இது போகட்டுமே."

"லீவுல போறவருக்கு இது எதுக்கு?"

மேஸ்திரி சட்டையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "இதப் போட்டுக்கிட்டு எந்த ஊர்ல எந்த வாசல்ல நின்னாலும் யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. சாமான் கொண்டாந்த ஆளுன்னு விட்டுடுவாங்க. இது இல்லாம நான் போய் என்னன்னு நிக்கிறது? இறக்கி வெச்சதுக்கு அப்புறம் என்ன பண்ணணும்னு எனக்குத் தெரியாதும்மா. எந்த ஊர்லயும் நான் அதுக்கு மேல இருந்ததே இல்ல. நீ கடலப் பாப்ப, கடைத்தெருவப் பாப்ப. நான் பக்கத்துல பேந்தப் பேந்த முழிச்சுக்கிட்டு நிப்பேன். ரெண்டு நாள்ல உனக்கே சலிச்சுப் போயிடும். பை கட்டத் தெரியாம இல்ல. கட்டி முடிச்சா கிளம்பணுமே."

சொல்லி முடித்ததும் அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அப்போ இத்தன வருஷமா கூரை ஒழுகுது, முட்டி வலிக்குதுன்னு சொன்னதெல்லாம் இதுக்குத்தானா?"

"கூரை நிஜமாவே ஒழுகுச்சு."

"முட்டி?"

"முட்டி... பாதி நிஜம்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தாள். சிரிப்பை அடக்குகிறாளா, கோபத்தை அடக்குகிறாளா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"சட்டை நிக்குது" என்றாள்.

சட்டையை நாற்காலிக்குப் பின்னால் இருந்த, நிற்கிற சாமான் குவியலில் வைத்தார். பையின் ஜிப் ஒரே இழுப்பில் மூடிக்கொண்டது. கூடத்தில் இப்போது கேட்பதற்கு எதுவும் இல்லை. மேஸ்திரி மட்டும் நடுவில் நின்றுகொண்டிருந்தார். வேடிக்கையாகத்தான் கேட்க நினைத்தார். தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, "இது போகுதா, நிக்குதா?" என்றார். குரல் வேடிக்கையாக வரவில்லை.

அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். புது வீட்டுக்குள் நுழையுமோ நுழையாதோ என்று சந்தேகப்படும் பழைய அலமாரியைப் பார்ப்பதுபோல அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். எத்தனையோ வீடுகளில் எத்தனையோ சாமானைத் தூக்கிப் பிடித்து இந்தக் கேள்வியைக் கேட்டவர், பதில் வரும்வரை அந்தச் சாமானுக்கு எப்படி இருக்கும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. 

"போகுது" என்றாள். "ஆனா என்னால தூக்க முடியாது. நடந்து வரச் சொல்லுங்க."