எங்கள் கிளப்பை வாங்க வந்தவர்

2006-ம் வருஷம், பொங்கல் முடிந்த சமயம். மரக்காணத்தில் எங்கள் ஊர் கால்பந்து கிளப்புக்குச் சொந்தமாக ஒரு மைதானம் இருந்தது, ஆனால் அதில் ஆட முடியாது. அந்த நிலைமையில் நடந்த சங்கதி இது.

எனக்குக் கால்பந்தில் அன்றைக்கும் ஒன்றும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. என் கணவர் அந்தக் கிளப்பின் செயலாளர். கேப்டன் என் அண்ணன் மகன். ஜெர்சியில் நம்பர் தைப்பது நான். அதனால் கிளப்பின் பாதி விவகாரங்கள் என் தையல் மெஷினுக்குப் பக்கத்தில்தான் பேசப்படும். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அவருக்குக் கிளப் உண்டு. நான் அதற்கப்புறம் வந்தவள். அந்த வரிசையை அவர் எப்போதும் மறந்ததில்லை.

சுனாமி வந்துபோன அடுத்த வருஷம் கடற்கரையோரம் ஊருக்கு ஊர் எதையாவது கட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் மைதானத்துக்கும் யோகம் அடித்தது. மழை பெய்தால் குளமாகிவிடும் தரையை மண்ணடித்து உயர்த்துவது, ஒரு பக்கம் கேலரி, சுற்றிலும் காம்பவுண்ட் சுவர் என்று பூஜை போட்டார்கள். மூன்றே மாதம் என்றார்கள். லாரி லாரியாக மண் வந்து குவிந்தது. குவிந்ததோடு சரி. அந்த மண்மேட்டில் எருக்கஞ்செடி முளைத்துப் பூவும் பூத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் கடலோர ஊர்கள் சேர்ந்து ஒரு லீக் நடத்துவார்கள். ஒவ்வொரு டீமும் பாதி ஆட்டத்தைத் தன் சொந்த மைதானத்தில் நடத்த வேண்டும், மைதானம் காட்ட முடியாத டீம் வெளியே போக வேண்டும் என்பது அதன் விதி. எங்கள் ஆட்கள் முதலில் பள்ளிக்கூட மைதானத்தைப் பிடித்தார்கள். ஓடு உடைந்தது, கேட்டைப் பூட்டிவிட்டார்கள். அப்புறம் மணிலா, அதாவது வேர்க்கடலை, அறுவடை முடிந்த ஒரு கொல்லை. அதன் சொந்தக்காரர் ஏர் ஓட்டிவிட்டார். கடைசியாக வெட்டிய சவுக்குத் தோப்பு. தரையில் நின்ற கட்டைகளில் இரண்டு பேருக்குக் கால் நகம் பெயர்ந்தது. மழைக்காலம் முழுக்க வீட்டில் இதே புலம்பல். சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா என்று கேட்டால்கூட, "கிரவுண்ட் இல்லம்மா" என்பார் என் கணவர்.

அந்த நேரத்தில்தான் ஓர் உப்பள முதலாளி ஆள் அனுப்பினார். மழையில் அவருடைய உப்பளத்தில் உள்வரப்பெல்லாம் கரைந்து, ஏழெட்டுப் பாத்தி ஒரே வெளியாகக் கிடந்தது. உப்பு சீசன் தொடங்கும்வரை அங்கே ஆடிக்கொள்ளலாம், வாடகை வேண்டாம் என்றார். ஷூ மட்டும் போடக் கூடாது. உப்பளத்தில் யாரும் செருப்புக் காலோடு இறங்கமாட்டார்கள், அதனால் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் பையன்களில் பாதிப் பேரிடம் ஷூவே கிடையாது.

ஆட்டமும் நடந்தது. ஈரக் களிமண்ணில் வழுக்கி விழுந்து எழுந்து ஆடினார்கள். எதிர் டீம்கள் அதிகமாக விழுந்தன, எங்கள் டீம் இரண்டு ஆட்டம் ஜெயித்துவிட்டது. தினமும் சாயங்காலம் பிராக்டிஸ் முடிந்தால் முதலாளி கணக்கில் டீயும் பன்னும் வந்தது. "இன்னும் பசங்க இருந்தா கூட்டிட்டு வாங்கப்பா, சின்ன டீம் பெரிய டீம் எல்லாரும் வரட்டும்" என்று உப்பள மேஸ்திரி சொன்னாராம். அங்கேதான் வதந்தி பிறந்தது.

முதலாளி கிளப்பை வாங்கப் போகிறார்!

பன் வாங்கிக் கொடுத்ததற்கு வேறென்ன காரணம் இருக்க முடியும்? ஆள் பார்க்கிறார், நல்ல ஆட்டக்காரர்களைப் பொறுக்குகிறார் என்றார்கள். டீக்கடையில் பேச்சு ஒரு நாளைக்கு ஒரு முழம் வளர்ந்தது. அவருடைய உப்புப் பாக்கெட்டின் பெயரைக் கிளப்புக்கு வைக்கப் போகிறார், பாண்டிச்சேரியிலிருந்து கோச் வருகிறார், நீல ஜெர்சி போய் வெள்ளை வருகிறது. வெள்ளை என்றதும் எனக்குத் துவைக்கிற கவலை வந்தது. என் கணவருக்குத் தூக்கமே போயிற்று. ஒரு பக்கம் பெருமை, ஒரு பக்கம் பயம்.

"பேர மாத்த உடமாட்டேன். அது மட்டும் நடக்காது," என்று தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சொன்னார்.

"மொதல்ல அவரு கேக்கட்டுங்க," என்றேன்.

"கேப்பாரு. ஞாயித்துக்கெழம மேட்ச் முடிஞ்சி பேசணும்னு சொல்லி அனுப்பிகிறாரு."

அன்றிரவே செயலாளர், பொருளாளர், கேப்டன் மூவரும் கூடி நிபந்தனைகள் முடிவு செய்தார்கள். பெயர் மாறக் கூடாது, நிறம் மாறக் கூடாது, கேப்டன் மாறக் கூடாது. கடைசி நிபந்தனையைக் கேப்டனே முன்மொழிந்தான்.

அந்த வாரம் என் அண்ணி, அதாவது கேப்டனின் அம்மா, பிளவுஸ் தைக்கக் கொடுக்க வந்திருந்தாள். அவளுக்கு அதே முதலாளியிடம்தான் உப்பள வேலை. "இன்னாடி இது, பொங்கலே போயிடுச்சி, இன்னும் மிதிக்கக் கூப்புடல," என்றாள். மழை நின்றதும் பாத்தியின் களிமண் தரையை வரிசையாக நின்று காலால் மிதித்து மிதித்துக் கெட்டியாக்குவார்கள். அப்போதுதான் உப்பில் சேறு ஏறாது. பெரும்பாலும் பெண்கள் வேலை. கல்யாணத்துக்கு முன் நானும் மிதித்திருக்கிறேன். மழைக்காலம் முழுக்க வேலையில்லாமல் இருப்பவர்களுக்கு அடுப்பு எரிய ஆரம்பிப்பது அதில்தான். "தரை காயலையோ என்னமோ" என்று சொல்லி அனுப்பினேன். எனக்கும் அதற்கு மேல் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சரித்திர நாளாயிற்றே என்று நானும் புதுசாக நம்பர் தைத்த ஜெர்சிகளைத் தூக்கிக்கொண்டு போனேன். வாழ்நாளில் நான் போய்ப் பார்த்த முதல் மேட்ச் அது. கரையில் மேஸ்திரி குடை பிடித்து நின்றுகொண்டிருந்தார். ஆட்டம் சூடாகப் போய்க்கொண்டிருக்கும்போது அவர் கத்தினார்:

"டேய், அந்தாண்ட மூலைக்கி யாருமே போவல பாரு! பந்த அங்க அடிங்கடா!"

கோல் போஸ்ட் இந்தப் பக்கம் இருக்கிறது. அவர் கை காட்டியது வேறு பக்கம். நான் தரையைப் பார்த்தேன். நடுவில் இறுகிப் பளபளவென்று இருந்தது, ஓரங்களில் கால் படாமல் பொதபொதவென்று கிடந்தது. இருபத்திரண்டு பேரும் கணுக்கால்வரை களிமண்ணோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அண்ணியின் ஞாபகமும் வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

ஆட்டம் சமனில் முடிந்தது. முதலாளி பைக்கில் வந்து இறங்கினார். என் கணவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் போனார், மற்ற இருவரும் பின்னால்.

"நல்லா ஆடுனீங்கப்பா," என்றார் முதலாளி. "இந்தப் பக்கம் முடிஞ்சிடுச்சி. நாளையிலேர்ந்து தெக்கால பக்கம் போஸ்ட்ட நட்டுக்குங்க. அங்க இன்னும் ஒரு காலும் படல."

அவ்வளவுதான் பேச்சு. அவர் பைக்கை நோக்கித் திரும்பிவிட்டார். என் கணவருக்கு விஷயம் இறங்கவில்லை. நிபந்தனைகளை மனப்பாடம் செய்து வந்தவர் அல்லவா?

"அப்போ, கிளப் பேரு?"

"எந்தக் கிளப்புங்க?" என்றார் முதலாளி.

அவர் கிண்டல் செய்யவில்லை. அவருக்கு உண்மையாகவே புரியவில்லை. அப்புறம் நிதானமாக விளக்கினார். "உங்களுக்கு ஆட எடம் வேணும். எனக்குத் தரை கெட்டியாவணும். ரெண்டு பேருக்கும் நல்லதுதானே?" அதில் ஒளிவுமறைவு ஏதும் இல்லை. அவர் கெட்டவரும் இல்லை, கணக்குத் தெரிந்தவர்.

கேப்டன் கீழே தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான்: "அப்போ எங்கம்மாவ இந்த வருஷம் கூப்புட மாட்டீங்களா?"

முதலாளி மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி குடையை மடக்கினார்.

வீட்டுக்கு வரும் வழியில் நான்தான் வாயை விட்டேன்.

"இதுக்கு ஆடாமலே இருக்கலாங்க."

"உனக்கு ஃபுட்பாலப் பத்தி இன்னா தெரியும்?"

"ஃபுட்பால் தெரியாது. மிதிக்கிறது தெரியும்."

அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த உப்பளத்தில் இன்னும் இரண்டு ஆட்டம் ஆடினால் லீக்கில் நிலைத்துவிடலாம், விட்டால் கிளப்பின் பெயரையே அடித்துவிடுவார்கள். பெயரைக் காப்பாற்றத்தானே இத்தனை பாடு? எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் முடிவு அவர் கையிலும் இல்லை, என் கையிலும் இல்லை. மறுநாள் சாயங்காலம் தெற்குப் பக்கம் போஸ்ட் நடப் போனவர் இவர் ஒருவர்தான். ஒரு பையனும் வரவில்லை. கேப்டன் யாருக்கும் உத்தரவு போடவில்லையாம். அம்மாவைப் பற்றிச் சொல்லியிருக்கிறான், அவ்வளவுதான். அவனுக்குப் பக்கத்தில் நின்று ஆடியவர்களில் பாதிப் பேரின் அம்மாவோ அக்காவோ அதே உப்பளத்தில் மிதிப்பவர்கள். டீயும் பன்னும் அன்றைக்கு மேஸ்திரியே சாப்பிட்டிருக்க வேண்டும்.

மைதானம் காட்ட முடியாததால் லீக்கிலிருந்து கிளப்பை எடுத்துவிட்டார்கள். என் கணவர் அன்று சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். நான் எழுப்பவில்லை.

அடுத்த வாரம் பெண்களை மிதிக்கக் கூப்பிட ஆள் வந்தது. வேலை முடிந்து ஒரு நாள் அண்ணி நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள், முழங்கால்வரை களிமண்ணோடு. என் கணவரைப் பார்த்து, "உங்க பசங்க மிதிச்ச லட்சணத்த வந்து பாருங்க. நடுவுல பாறை, ஓரத்துல சேறு. எல்லாத்தையும் கொத்தி மறுபடியும் மிதிக்கச் சொல்லிட்டாரு. எங்களுக்கு வேலை கூடிடுச்சி," என்றாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள்.

கிளப்பாக நாங்கள் விலைபோகவில்லை என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், காலாகக்கூடத் தேறவில்லை. என் கணவர் அண்ணியின் களிமண் காலைப் பார்த்தார். அப்புறம் சிரித்துவிட்டார். அந்த மாதத்தில் அவர் முதல்முறையாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

எங்கள் மைதானத்தை அந்த வருஷக் கடைசியில் முடித்தார்கள். கேலரியில் நான்கு படி. கிளப் பழைய பெயரிலேயே மறுபடி லீக்கில் சேர்ந்தது, கடைசி இடத்திலிருந்து. இப்போதும் யாராவது பெரிய மனிதர் கிளப்பில் அக்கறை காட்டுகிறார் என்று பேச்சு வந்தால், என் கணவர் தன் பாதத்தைத் திருப்பிப் பார்த்துக்கொள்வார். நான் அப்படியில்லை. இலவசமாக ஒன்றைக் கொடுக்க யார் வந்தாலும் மரியாதையாக டீ போட்டுக் கொடுப்பேன். அதற்குப் பதிலாக அவர் நம்மிடம் வாங்கப் போகும் வேலையை இதுவரை செய்துவந்தவர்கள் யார், அவர்கள் வீட்டில் இன்றைக்கு அடுப்பு எரிகிறதா என்று, டீ கொதிக்கிற நேரத்துக்குள் யோசித்துவிடுவேன்.